காட்டுக்குப் போய் வந்த காய்ச்சல்

வாசகர் கேள்விகளுக்கு அம்பாசமுத்திரத்து டாக்டர் பதில்

போன மாதம் அட்டைக்கடி பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். ‘அட்டை ரத்தத்தைக் குடித்துவிட்டுத் தானாக விழுந்துவிடும். அதற்குப் பயப்படுகிறதில் பாதி உண்ணிக்குப் பயந்தால் நல்லது’ என்று. அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த மாதம் சர்க்கரை, மூட்டுவலி, முடி உதிர்தல் எல்லாம் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்.

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை திருக்குறுங்குடி மலைநம்பி கோயிலுக்குக் குடும்பத்தோடு நடந்து போய் வந்தோம். மறுநாள் என் இடுப்பிலும் மகனின் முழங்காலுக்குப் பின்புறமும் மிளகுப்பொடி தூவினதுபோல் கரும்புள்ளிகள். தேய்த்தால் போகவில்லை. உற்றுப் பார்த்தால் ஒன்றிரண்டு நகர்கிறது! மாமியார் மண்ணெண்ணெய் தடவச் சொன்னார். தடவினோம். செய்தது சரிதானா? — ஒரு வாசகி, ஏர்வாடி

நகர்கிற மிளகுப்பொடி உண்ணிக் குஞ்சுதான். தாய் உண்ணி ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். பொரித்த குஞ்சுகள் கும்பலாகப் புல் நுனிக்கு ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்தப் புல்லில் உங்கள் சேலையோ மகனின் கால்சட்டையோ உரசினால் மொத்தக் கும்பலும் ஏறிக்கொள்ளும். உண்ணி குதிக்காது, பறக்காது, மரத்திலிருந்து தலைமேல் விழவும் விழாது. புல் நுனியில் பின்னங்கால்களால் பிடித்துக்கொண்டு முன்னங்கால் இரண்டையும் நீட்டியபடி நிற்கும், வண்ணாரப்பேட்டையில் பஸ்ஸுக்குக் கை நீட்டுகிற ஆள் மாதிரி. நம் மூச்சுக் காற்றையும் உடல் சூட்டையும் மோப்பம் பிடிக்கிற உறுப்பு அந்த முன்னங்காலில்தான் இருக்கிறது.

மண்ணெண்ணெய் வேண்டாம். சுண்ணாம்பு, புகையிலைச் சாறு, நெயில் பாலிஷ், அணைத்த தீக்குச்சியின் சூடு, இவை எதுவும் வேண்டாம். உண்ணி தலையைத் தோலுக்குள் செருகி, சிமெண்ட் மாதிரி ஒரு பசையைச் சுரந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. சூடு வைத்தால் உடனே விட்டுவிட்டு ஓடிவிட அதனால் முடியாது. எரிச்சலில் வயிற்றில் இருப்பதையும் எச்சிலையும் சேர்த்து நம் உடம்புக்குள் கக்கத்தான் செய்யும். எது உள்ளே போகக்கூடாது என்று பாடுபடுகிறோமோ அதை நாமே ஊற்றிக்கொண்ட கதை.

என் தாத்தா அரைஞாண் கயிற்றில் ஒரு முள்வாங்கி தொங்கவிட்டிருப்பார். உடைமுள் எடுக்க அது, மாட்டுக் காதில் உண்ணி எடுக்கவும் அதுதான். இன்றைக்கு மருத்துவப் புத்தகத்தில் போட்டிருக்கிற முறையும் தாத்தா செய்தது போலத்தான். கூர்முனை முள்வாங்கியால் (புருவம் திருத்துகிற சாமணம் போதும்) உண்ணியின் வயிற்றைப் பிடிக்காமல், தோலை ஒட்டித் தலைப்பக்கமாகப் பிடியுங்கள். திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், ஒரே சீராக மேல்நோக்கி இழுங்கள். தோல் கொஞ்சம் கூடாரம் மாதிரி எழும்பும், அப்புறம் உண்ணி விட்டுவிடும். வாய்ப்பகுதி ஒடிந்து உள்ளே நின்றால் ஊசியால் குடையாதீர்கள், தோலே நாள்பட வெளியே தள்ளிவிடும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஸ்பிரிட் தடவுங்கள். எடுத்த உண்ணியை செல்லோடேப்பில் ஒட்டித் தேதி எழுதி வைத்தால் பின்னால் உதவும்.

உங்களுக்கு வந்திருப்பது பொடிக்குஞ்சு. ஒவ்வொன்றாக எடுக்க உட்கார்ந்தால் தீபாவளி வந்துவிடும். அகலமான டேப்பை அந்த இடத்தில் ஒட்டி ஒட்டி உரியுங்கள், இன்னும் கடித்து ஒட்டாமல் ஊர்ந்துகொண்டிருப்பதெல்லாம் வந்துவிடும். மிச்சம் நிற்பதை முள்வாங்கியால் எடுங்கள். அன்றைக்கு உடுத்திய துணிகளைக் கொதிக்கிற தண்ணீரில் ஊறப்போடுங்கள். பச்சைத் தண்ணீரில் அலசினால் உண்ணி சாகாது. அடுத்த 3 வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால் மலைநம்பிக்குப் போனதை டாக்டரிடம் சொல்லுங்கள். மாமியாரிடம் மட்டும் மண்ணெண்ணெய் பற்றி நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள்.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் 4 நாள் தங்கியிருந்தோம். வழக்கம்போல் ஆற்றங்கரையில் குடில் போட்டு, தரையில் பாய் விரித்துப் படுத்தோம். திரும்பி வந்து 10 நாள் கழித்து என் கணவருக்குக் கடுமையான காய்ச்சல், தலைவலி. தட்டணு குறைந்துவிட்டது, டெங்கு என்றார்கள். அப்புறம் வேறொரு டாக்டர் பார்த்து ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று மாத்திரை கொடுத்தார், குணமாகிவிட்டது. ஆனால் அவரை உண்ணி எதுவும் கடிக்கவே இல்லை. தலை முதல் கால் வரை பார்த்தேன். இது எப்படி? — ஒரு வாசகி, விக்கிரமசிங்கபுரம்

நல்ல கேள்வி அம்மா. குழப்பத்துக்குக் காரணம் பெயர்தான். ஸ்க்ரப் டைபஸ் என்ற நோய்க்குப் பத்திரிகைகளில் உண்ணிக் காய்ச்சல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். எல்லாரும் மாட்டு உண்ணி, நாய் உண்ணியைத் தேடுகிறார்கள். அது வராததால் ‘நமக்கு இது இல்லை’ என்று இருந்துவிடுகிறார்கள். உண்மையில் இந்த நோயைக் கொண்டுவருவது உண்ணியின் ஒன்றுவிட்ட தங்கச்சி. கண்ணுக்குத் தெரியாத ஒரு செந்நிறப் பொடிப்பூச்சி.

தென்னை வைத்திருப்பவர்களுக்குச் சட்டென்று புரியும். குரும்பையைச் சொறிசொறியாக்குகிற ஈரியோபைட் சிலந்தி என்று வேளாண் அலுவலர் சொல்வாரே, அது சேர்ந்த கூட்டம்தான் இதுவும். இன்னும் நெருங்கிய சொந்தம் ஒன்று உண்டு. முதல் மழை பெய்த மறுநாள் செம்மண்ணில் சிவப்பு வெல்வெட்டுத் துணியில் செய்ததுபோல் பட்டுப்பூச்சி ஊருமே, சின்ன வயதில் தீப்பெட்டியில் புல் போட்டு வளர்த்தோமே, சங்கப் புலவர்கள் மூதாய் என்று பாடியதே, அதன் பங்காளி இது. பட்டுப்பூச்சி யாரையும் ஒன்றும் செய்யாது, பாவம். இந்தப் பங்காளியும் வளர்ந்த பிறகு நம்மைக் கடிக்காது. குஞ்சாக இருக்கும்போது மட்டும் ஒரே ஒரு தடவை எலி மேலோ மனிதர் மேலோ ஏறித் தோலின் சாற்றைக் குடிக்கும். அளவு சுமார் 0.2 மில்லிமீட்டர். நீங்கள் தலை முதல் கால் வரை பார்த்தீர்கள் என்பதை நம்புகிறேன். லென்ஸ் வைத்துப் பார்த்திருந்தாலும் அகப்பட்டிருக்காது. இரண்டு மூன்று நாளில் குடித்துவிட்டு இறங்கிப் போய்விடும். காய்ச்சல் வருவது பெரும்பாலும் 6 முதல் 21 நாள் கழித்துத்தான். அதற்குள் காரையாறும் மறந்துபோயிருக்கும்.

அந்தப் பூச்சி காட்டில் மட்டும்தான் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். எலி ஓடுகிற புதர், களை மண்டிய வரப்பு, வீட்டுப் பின்பக்கத்துக் குப்பைமேடு, எல்லாம் அதன் ஊர்தான். கிருமியைத் தாய்ப்பூச்சியே முட்டை வழியாகக் குஞ்சுக்குக் கொடுத்துவிடுகிறது, தலைமுறைச் சொத்து மாதிரி. கிருமியின் பெயரில் ‘சுட்சுகாமுஷி’ என்று ஜப்பானிய வார்த்தை இருக்கிறது. கேடு செய்யும் பூச்சி என்று அர்த்தம். இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காட்டில் சண்டை போட்ட பட்டாளத்துக்காரர்களைப் படுத்தி எடுத்த நோய் இது.

கடித்த இடத்தில் பலருக்கு ஓர் அடையாளம் விழும். சிகரெட்டால் சூடு வைத்ததுபோல் ஒரு கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். வலிக்காது, அரிக்காது. அதுவும் எங்கே? துணி இறுக்கிப் பிடிக்கிற இடமாகப் பார்த்து. இடுப்புக் கயிற்றுக்குக் கீழே, அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில். ஈரம் கசிகிற இடமானால் பொருக்குக் கட்டாது, வெளிறிய சின்னப் புண்ணாகத்தான் இருக்கும்.

நான் இதைக் கற்றுக்கொண்ட கதையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். 2004 ஐப்பசி. எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த வயது எனக்கு. கடையம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா, 50 வயது இருக்கும், பீடி சுற்றுகிறவர், 9 நாள் காய்ச்சலோடு வந்து படுத்தார். டைபாய்டுக்குப் பார்க்கிற விடால் டெஸ்ட் லேசாக பாசிட்டிவ். டைபாய்டு என்று முடிவு கட்டி ஊசியை ஆரம்பித்தேன். 5 நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை, மூச்சு வேறு வாங்க ஆரம்பித்தது. மலேரியா பார்த்தேன், எக்ஸ்ரே எடுத்தேன், ஊசியை மாற்றினேன். ஆறாம் நாள் காலை அவருக்கு ஈரத்துணியால் உடம்பு துடைத்துவிட்ட நர்ஸ் அக்கா திரையை விலக்கிக்கொண்டு வந்து, “சார், இடது மார்புக்குக் கீழ ஒரு கருப்புப் பொருக்கு கெடக்கு. பாத்தியளா?” என்றார்.

பார்க்கவில்லை. 6 நாளும் ரவிக்கைக்கு மேலேயே ஸ்டெதாஸ்கோப் வைத்திருக்கிறேன்.

டாக்ஸிசைக்ளின் என்ற மருந்தைக் கொடுத்த இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. வீட்டுக்குப் போகும்போது, “காட்டுப் பக்கம் போவீங்களா?” என்று அப்போதுதான் கேட்டேன். “தெனமும் போவேம்லா! ஆட்டுக்குக் குழை ஒடிக்க வேற எங்க போவ?” என்றார். கேஸ் ஷீட்டில் தொழில் என்ற இடத்தில் ‘பீடி’ என்று எழுதி மூடிவிட்டிருந்தேன். ஆடு பற்றி நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

டாக்டர்கள் அவசரத்தில் கேட்க மாட்டோம். நீங்களே சொல்லுங்கள். “3 வாரத்துக்கு முன்னாடி மலைக்குப் போனேன், தரையில் படுத்தேன், புல்லறுத்தேன்.” அவ்வளவு போதும். வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டு, ஒருவருக்கொருவர் உடம்பைப் பார்த்துப் பொருக்கு இருந்தால் அதையும் காட்டுங்கள். வெட்கப்பட வேண்டிய இடத்தில்தான் அது இருக்கும். பொருக்கு இல்லை என்பதாலேயே நோய் இல்லை என்று ஆகிவிடாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். தட்டணு இதிலும் குறையும். பப்பாளி இலைச்சாறும் நிலவேம்பும் குடித்துக்கொண்டு ஒரு வாரம் போக்கினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஒரு டீ விலையைத் தாண்டாத மாத்திரையில் போகிற நோய்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் புது டாக்டர் நான். ஸ்க்ரப் டைபஸைக் கண்டுபிடிக்க எங்களிடம் வெயில்-ஃபெலிக்ஸ் என்ற ரத்த டெஸ்ட்தான் உண்டு. எலிசா என்ற இன்னொரு ரத்த டெஸ்டின் முடிவு வர நாளாகிறது. அதுவரை காத்திருக்கலாமா சார்? — பெயர் வேண்டாம் என்றிருக்கிறார்

காத்திருக்க வேண்டாம் தம்பி. சந்தேகம் வலுவாக இருந்தால் ரத்தத்தை எடுத்து அனுப்பிவிட்டு மருந்தை ஆரம்பியுங்கள் என்றுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2015இல் கொடுத்த வழிகாட்டுதலும் சொல்கிறது. பெரியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் இரண்டு வேளை, கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின். பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும். இறங்கவில்லையென்றால் வேறு ஏதோ என்று மறுபடி முதலிலிருந்து யோசியுங்கள். மூச்சு வாங்குகிற, ரத்த அழுத்தம் விழுகிற நோயாளியை வைத்துக்கொண்டு இருக்காதீர்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுங்கள். அந்த மாதிரி நோயாளிகளுக்கு இரண்டு மருந்தையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று வேலூர் சிஎம்சியும் வேறு சில இந்திய மருத்துவமனைகளும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023இல் வந்தது. படித்துப் பாருங்கள். முக்கியமாக, நர்ஸ் அக்காக்களிடம் மரியாதையாக இருங்கள்.

எங்கள் வீட்டு நாய்க்கு உண்ணி ஓயவே மாட்டேன் என்கிறது. மருந்து போட்டால் போகிறது, 3 வாரத்தில் மறுபடி வருகிறது. பேரன் அதைக் கட்டிக்கொண்டே தூங்குகிறான். ஆபத்தா? — ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

நாய் மேல் இருப்பது கொஞ்சம்தான் அய்யா, மிச்சமெல்லாம் உங்கள் சுவரில் இருக்கிறது. நாய் உண்ணி ரத்தம் குடித்து முடித்ததும் இறங்கி, சுவர் விரிசல், கதவு நிலை இடுக்கு, நாய் படுக்கிற சாக்குக்கு அடியில் போய் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் அதற்கு அடுத்த வாரிசு சுவரிலிருந்து இறங்கி வரும். சாக்கைக் கொளுத்துங்கள். விரிசலைப் பூசுங்கள். நாய்க்கு என்ன மருந்து, சுவருக்கு என்ன மருந்து என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, இரண்டையும் ஒரே நாளில் செய்யுங்கள். மாட்டுக்கு வாங்கிய மருந்தை நாய்க்கு ஊற்றுகிறவர்கள் உண்டு, அது கூடவே கூடாது.

பேரன் விஷயம். நாய் உண்ணியால் மனிதர்களுக்கு வருகிற காய்ச்சல் ஒன்று நம் நாட்டில் உண்டு, இந்தியன் டிக் டைபஸ் என்பார்கள். காய்ச்சலோடு மணிக்கட்டு, கணுக்கால் பக்கம் சிவப்புப் புள்ளிகள் தோன்றி, உள்ளங்கை, உள்ளங்கால் வரை வரும். அம்மைக்கும் மற்ற காய்ச்சல் தடிப்புகளுக்கும் உள்ளங்காலில் வருவது குறைவு. குழந்தைக்கு அப்படிப் பார்த்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், வீட்டில் நாய் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். நகத்தால் உண்ணியை நசுக்கிப் ‘பட்’ என்று சத்தம் கேட்பதில் பையன்களுக்கு ஒரு சந்தோஷம் உண்டு. எனக்கும் இருந்தது. அதை நிறுத்தச் சொல்லுங்கள். நசுங்கிய உண்ணியின் சாறு நகக்கண் வெடிப்பு வழியாக உள்ளே போகும். மாடு, ஆடு வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில்தான். 2011இல் குஜராத்தில் உறுதியான கிரிமியன்-காங்கோ காய்ச்சல், கால்நடை உண்ணியைக் கையால் நசுக்கினாலே தொற்றக்கூடிய நோய்.

பாபநாசம் மேலே செத்துக் கிடந்த குரங்கு ஒன்றைப் பார்த்தோம். குரங்குக் காய்ச்சலாக இருக்குமோ என்று கூட வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். குரங்கு அம்மையும் இதுவும் ஒன்றா? — கல்லூரி மாணவர், திருநெல்வேலி டவுன்

இரண்டும் வேறு. குரங்கு அம்மைக்கும் உண்ணிக்கும் சம்பந்தமில்லை. நீங்கள் சொல்கிற குரங்குக் காய்ச்சல் கர்நாடகத்தில் ஷிமோகா மாவட்டம் கியாசனூர் காட்டில் 1957இல் கண்டுபிடிக்கப்பட்ட வைரஸ் நோய். காட்டு உண்ணிதான் பரப்புகிறது. குரங்கு நம்மைப்போல அதனிடம் மாட்டிக்கொண்டு சாகிற பிராணி. செத்த குரங்கின் உடம்பு ஆறியதும் அதன் மேல் இருந்த உண்ணியெல்லாம் இறங்கிச் சுற்றுப்புறத்தில் பரவும். கர்நாடகத்தில் அந்த இடத்தைச் சுற்றி 50 மீட்டருக்கு மருந்து தூவுவது அதனால்தான். அங்கே டிசம்பர் முதல் மே வரை, காட்டில் சருகும் விறகும் பொறுக்கப் போகிற காலத்தில், அதிகம். அதற்கென்று தனி மருந்து கிடையாது. நோய் வந்தவர்களில் 100க்கு 3 முதல் 5 பேர் வரை இறக்கிறார்கள். 2012-13 வாக்கில் பந்திப்பூர், அதை ஒட்டிய நம் நீலகிரிப் பக்கம், வயநாடு என்று தெற்கே இறங்கியும் தென்பட்டது.

குரங்கு சாவதற்கு மின்கம்பி, லாரி, நாய் என்று ஆயிரம் காரணம் இருக்கிறது. ஒரு குரங்கைப் பார்த்து ஊரைக் கூட்ட வேண்டாம். ஆனால் கிட்டே போகாமல், கல்லெறிந்து பார்க்காமல், இடத்தைக் குறித்து வனத்துறைச் சோதனைச் சாவடியில் சொல்லிவிட்டு வாருங்கள். ஓடியவர்கள் செய்தது பாதி சரி. சொல்லாமல் ஓடியதுதான் தப்பு.

மாஞ்சோலை, களக்காடு பக்கம் மலையேற்றம் போகத் திட்டம். என்ன உடுத்த, என்ன பூச? வேப்பெண்ணெய் போதுமா? — 5 பேர் கையெழுத்துப் போட்ட கடிதம், சேரன்மகாதேவி

முதலில் வனத்துறை அனுமதி வாங்குங்கள். புலிகள் காப்பகம் அது. 1988இல் தமிழ்நாட்டிலேயே முதலாவதாக அறிவிக்கப்பட்டது.

முழுக்கால் சட்டை, அதுவும் வெளிர் நிறத்தில். கருப்பில் உண்ணி ஊர்ந்தால் தெரியாது. கால்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகுங்கள். பார்க்க நன்றாக இருக்காது, பரவாயில்லை, புலி ஒன்றும் சிரிக்காது. அட்டைக்கு என்று முழங்கால் வரை துணி உறை விற்கிறார்களே, அது உண்ணிக்கும் நல்ல தடுப்பு. அட்டைக்கு மூக்குப்பொடியும் உப்பும் கொண்டுபோகிறவர்கள், உண்ணிக்கும் அது போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். போதாது. தோலில் டீட் என்ற பூச்சிவிரட்டி கலந்த பூச்சு தடவலாம். பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து துணிக்கு அடிக்க மட்டும், தோலில் படக்கூடாது. குரங்குக் காய்ச்சல் பகுதிகளில் கர்நாடக அரசு காட்டுக்குப் போகிறவர்களுக்கு டெபா என்ற எண்ணெய் கொடுக்கிறது, நம் ராணுவ ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தது. வேப்பெண்ணெயை மட்டும் நம்பி நாள் முழுக்கக் காட்டில் திரிய வேண்டாம்.

நடக்கும்போது தடத்தின் நடுவே நடங்கள். களைத்துப்போனால் வெறும் புல்லில் சாயாமல் பாறையிலோ தார்ப்பாய் விரித்தோ உட்காருங்கள். வேட்டி, துண்டைக் கழற்றிப் புதர்மேல் போட்டுவிட்டுக் குளிக்கிற நம்மூர் வழக்கத்தை மலையில் விட்டுவிடுங்கள். வீடு வந்து 2 மணி நேரத்துக்குள் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளியுங்கள். “மணிமுத்தாறு அருவியிலேயே குளிச்சாச்சு” என்பது கணக்கில் வராது. அங்கே குளித்துவிட்டு அதே சட்டையைத்தானே மாட்டினீர்கள்! காதுக்குப் பின்னால், மயிர்க்கோடு, அக்குள், தொப்புள், தொடை இடுக்கு, முழங்கால் மடிப்பு. 5 பேர் இருக்கிறீர்கள், முதுகை ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளுங்கள். உண்ணியின் எச்சிலில் மரத்துப்போகச் செய்கிற பொருள் இருப்பதால் கடிப்பது தெரியாது. விரல் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மகளின் பேறுகாலத்துக்கு நியூஜெர்சி போகிறேன். தோட்டத்துப் புல்லில் உட்காரக் கூடாது, டிக் இருக்கும் என்று இப்போதே போனில் பயமுறுத்துகிறாள். வயலில் பிறந்து வளர்ந்த எனக்கே புல்லைக் காட்டிப் பயமா? — ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

மகள் சொல்வதைக் கேளுங்கள் அம்மா. அந்த ஊர் உண்ணி வேறு, அது தருகிற நோய் வேறு. லைம் நோய் என்று பெயர். அங்கே கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊர்ப் பக்கம் 1970களில் நிறையக் குழந்தைகளுக்கு ஒரே சமயத்தில் மூட்டு வீங்கியதில் ஆரம்பித்த ஆராய்ச்சி. 1981இல் வில்லி பர்க்டார்ஃபர் என்பவர் உண்ணியின் வயிற்றில் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். பரப்புவது கருங்கால் உண்ணி. அதன் இளம்பருவம் கசகசா அளவுதான், வசந்தத்திலும் கோடையிலும் புல்லிலும் சருகிலும் இருக்கும். நல்ல விஷயம் என்னவென்றால், ஒட்டி ஒரு நாளாவது ஆனால்தான் பெரும்பாலும் கிருமி உள்ளே இறங்கும். தினமும் குளிக்கும்போது உடம்பைத் தடவிப் பார்த்தால் போதும், பாதிப் பயம் விட்டது.

கடித்து 3 முதல் 30 நாளுக்குள் ஒரு சிவப்பு வட்டம் தோன்றி நாளுக்கு நாள் விரியும், சில பேருக்கு நடுவில் வெளிறி வளையமாகத் தெரியும். நம் மாநிறத்தில் அவ்வளவு சிவப்பாகத் தெரியாது, அதனால் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சேற்றுப்புண், படர்தாமரை என்று களிம்பு தடவிக்கொண்டிருக்காமல் மகளிடம் காட்டுங்கள். உண்ணியை எடுத்த 72 மணி நேரத்துக்குள் போனால், தேவை என்று பட்டால் அங்கத்து டாக்டர்கள் ஒரே ஒரு வேளை மாத்திரையில் தடுத்துவிடுவார்கள்.

இன்னொரு உண்ணி அங்கே உண்டு, பெண் உண்ணியின் முதுகில் ஒற்றை வெள்ளைப் பொட்டு இருக்கும். அது கடித்த சிலருக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி ஒத்துக்கொள்ளாமல் போகிறது. சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து, நடு ராத்திரியில், உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டும். கோழியும் மீனும் ஒன்றும் செய்யாது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து எழுதுகிறீர்கள், உங்கள் வீட்டில் கறி உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது. மருமகனிடமாவது சொல்லி வையுங்கள்.

டாக்டர் மாமா, எங்க ஸ்கூல் வேலி ஓரத்துல உண்ணிச்செடி இருக்கு. கருப்பு உண்ணிப்பழம் திங்கோம். உண்ணிப்பழம் தின்னா உண்ணி வருமா? — ஐந்தாம் வகுப்பு, கடையம்

பழத்துக்குள் உண்ணி இல்லை கண்ணு. நானும் உன் வயதில் வாய் நீலமாகத் தின்றவன்தான். பச்சைக் காயைத் தின்னாதே, அது விஷம். ஆடுமாடு அந்த இலையைத் தின்றாலும் ஆகாது. ஆனால் பழம் பறிக்கப் புதருக்குள் நுழைகிறாய் பார், அங்கே உண்ணியும் இருக்கலாம், நான் மேலே சொன்ன பட்டுப்பூச்சியின் பங்காளியும் இருக்கலாம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கைக்கு எட்டுகிறதை மட்டும் பறி. சாயங்காலம் அம்மாவிடம் காதுக்குப் பின்னால் பார்க்கச் சொல். எட்டாத பழத்தைக் குருவி தின்னட்டும்.